தஸ்தாரும் துருக்கித் தொப்பியும்: நிஜாமின் உடையைப் பற்றி ஊர் பேசிய பேச்சு

நம்மவர்கள் நாலு பேர் கூடி நிஜாமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது உஸ்மானியா பல்கலைக்கழகம் அல்ல. 1908 மூசி வெள்ளத்துக்குப் பிறகு இந்த நகரத்துக்குக் காவலாகக் கட்டிய உஸ்மான் சாகர் ஏரியும் அல்ல. அவருடைய தொப்பிதான். "முப்பத்தஞ்சு வருஷம் ஒரே தொப்பியாம்! பைஜாமா நுனி கிழிஞ்சு தொங்குமாம்! காலுறையைத் தானே பின்னிக்குவாராம்! உலகத்துலேயே பெரிய பணக்காரனுக்கு இது தலையெழுத்தா?" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் சொல்லி, இப்போது பேரப்பிள்ளைகளும் சொல்லுகிறார்கள்.

அடியேன் சிக்கந்தராபாத் ஜெனரல் பஜாரில் நாற்பது வருஷமாகத் துணி விற்கிறவன். கடைக்குள் வருகிறவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று ஒரு பார்வை பார்ப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இரண்டாவது பாடம், அந்தப் பார்வையை நம்பி ஆளை எடை போடக்கூடாது என்பது. கசங்கின வேட்டியோடு வந்து கல்யாணப் பட்டு மொத்தத்தையும் ரொக்கத்தில் எடுத்துப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். சூட்டும் கோட்டுமாக வந்து கடன் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே, ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் உடையைப் பற்றிய இந்தக் கதையைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கதை முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. வீட்டு உடையையும் சபை உடையையும் போட்டுக் குழப்பிவிட்டது என்பதுதான் என் கட்சி.

அரசன் உடையை ஊர் பார்ப்பது புதிதில்லை. ஆனால் நம் பழந்தமிழ் மூவேந்தரை அடையாளம் காட்டியது துணி அல்ல, பூ. சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. தொல்காப்பியமே இதை வகுத்துச் சொல்லுகிறது. போர்க்களத்தில் தூரத்திலிருந்து பார்த்தாலும் யார் பக்கத்து வீரன் என்று தெரியவேண்டும் அல்லவா, அதற்கு. துணி விஷயத்திலோ, மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் புறநானூற்றின் 189ஆம் பாட்டில் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: உலகத்தை ஆளுகிறவனானாலும் காட்டில் வேட்டையாடித் திரிகிறவனானாலும் உடுப்பது இரண்டு துணிதான் என்று. அந்தக் கணக்கில் பார்த்தால் உஸ்மான் அலி கான் ஒன்றும் குறைந்து போய்விடவில்லை.

ஹைதராபாத் கதை வேறு. இங்கே ஆசஃப் ஜாஹி தர்பாரில் உடை என்பது அலங்காரம் அல்ல, சட்டம். தர்பாருக்குப் போகிறவர் மூன்று சாமான் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. ஒன்று ஷெர்வானி. கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் பொத்தான் போட்ட நீள அங்கி. இரண்டாவது தஸ்தார், அதாவது தலைப்பாகை. ஆனால் நம் ஊர் முண்டாசு மாதிரி நினைத்த நேரத்தில் சுற்றிக்கொள்வதல்ல. முன்கூட்டியே உருவத்தில் கட்டித் தைத்து வைத்திருப்பது. அதைக் கட்டிக் கொடுக்கவே தனியாகத் தொழில்காரர்கள் இருந்தார்கள். மூன்றாவது பக்ளூஸ். இடுப்பில் ஷெர்வானிக்கு மேல் கட்டுகிற, முன்பக்கம் உலோகத் தகடு வைத்த கச்சை. முஸ்லிம் பிரபு, இந்து பிரபு, பார்சி அதிகாரி எல்லாருக்கும் இதுதான். இரண்டு முறை பிரதமராக இருந்த மகாராஜா கிஷன் பர்ஷாத்தின் படங்களைப் பாருங்கள், தஸ்தாரோடுதான் இருப்பார். மதம் எதுவானாலும் சபைக்கு ஒரே உடை என்பது அந்தக் காலத்துக்கு ஒரு பெரிய சங்கதி. நம்ம பக்கத்தில், திருவிதாங்கூரில், தோளில் ஒரு சீலை போடுவதற்கே நாடார் பெண்கள் 1859 வரைக்கும் போராட வேண்டியிருந்ததை நினைத்துக்கொண்டால் இது புரியும்.

துணிக்காரன் என்கிற முறையில் ஒரு வார்த்தை. இந்த அவைகளில் நடமாடிய துணிகளில் மஷ்ரூ என்று ஒன்று உண்டு. சுத்தப் பட்டு உடம்பில் படுவது முஸ்லிம் ஆண்களுக்கு மார்க்கத்தில் ஆகாது. அதனால் வெளிப்பக்கம் பட்டும், உடம்பில் படுகிற உள்பக்கம் பருத்தியுமாக நெய்வார்கள். பார்க்கிறவன் கண்ணுக்குப் பட்டு, கட்டினவன் தோலுக்குப் பருத்தி! ஔரங்காபாத்தின் ஹிம்ரூவும் பருத்தியும் பட்டும் கலந்ததுதான். ஔரங்காபாத் 1956 வரை ஹைதராபாத் ராஜ்யத்தைச் சேர்ந்தது என்பதை இளையவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

உடையைப் பற்றிய மிகப் பெரிய தகராறு இந்த ஊரில் தலையில் வரவில்லை, காலில் வந்தது. நிஜாமின் அவையில் ரெசிடெண்ட் துரையும் அவருடைய அதிகாரிகளும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் விரிப்பில்தான் உட்காரவேண்டும். சப்பணம் போட்டுப் பழக்கமில்லாத ஆங்கிலேயர், இறுக்கமான கால்சட்டையோடு தரையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. 1857க்குப் பிறகும் ஐந்தாவது நிஜாம் அஃப்சலுத் தௌலா இருந்தவரை இந்த வழக்கம் மாறவில்லை. 1869இல் அவர் காலமானார். மகன் மஹ்பூப் அலி கானுக்கு அப்போது வயது மூன்றுகூட நிறையவில்லை. அந்தக் குழந்தையைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்த தர்பாரில், ரெசிடெண்ட் சாண்டர்ஸ் செருப்புக் காலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ராஜா பால் மணம் மாறாத குழந்தை, யார் தடுப்பது? வழக்கம் அன்றோடு போயிற்று.

இதில் இன்னொரு பக்கம் உண்டு. அதே ஆங்கிலேயர் தங்கள் அவைக்கு வருகிற இந்தியர்களுக்கு என்ன விதி வைத்தார்கள்? ஐரோப்பிய மோஸ்தர் பூட்ஸ் போட்டவர் கழற்ற வேண்டாம். நாட்டுச் செருப்போடு வந்தவர் வெளியே விட்டுவிட்டு வரவேண்டும். பர்மாவில் மாண்டலே அரசவையிலும் இதே செருப்புச் சண்டை பல வருஷம் நடந்தது. செருப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். செருப்பில் ஒன்றுமில்லை. யார் கழற்றுகிறார், யார் கழற்றாமல் இருக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

அந்தக் குழந்தைதான் பின்னால் ஊர் கொண்டாடிய ஆறாவது நிஜாம் மஹ்பூப் அலி கான். செருப்பு விஷயத்தில் குழந்தையாக இழந்ததை உடை விஷயத்தில் பெரியவராகி வட்டியோடு வசூல் பண்ணினார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். புராணி ஹவேலியில் அவருடைய உடை அலமாரி இன்றைக்கும் இருக்கிறது. அதை அலமாரி என்று சொல்வதே தவறு. ஒரு தெரு என்று சொல்லவேண்டும். நூற்றைம்பது அடிக்கு மேல் நீளம், இரண்டு அடுக்கு, இரு பக்கமும் தேக்கு மரத்தில் வரிசை வரிசையாக அறைகள். மேலே போக மரத்தாலான கையால் இயக்கும் லிஃப்ட். ஒருமுறை உடுத்தியதை அவர் மறுமுறை உடுத்தமாட்டார் என்று பழைய நகரத்தில் சொல்லுவாங்க. அது எவ்வளவு தூரம் நிஜமோ, அந்த அலமாரியைப் பார்த்தவர்கள் நம்பத்தான் செய்வார்கள்.

இன்னொரு கதையும் இதோடு சேர்ந்தது. 1891இல் அலெக்சாண்டர் ஜேக்கப் என்கிற சிம்லா நகை வியாபாரி ஒரு பெரிய வைரத்தை அவரிடம் கொண்டுவந்தான். பேரம் முறிந்து கல்கத்தா கோர்ட்டு வரை போயிற்று. கடைசியில் வைரம் நிஜாமிடமே தங்கியது. ஆனால் வழக்கில் சாட்சி சொல்ல வைத்த கல்லின் மேல் அவருக்கு வெறுப்பு. அதை எங்கேயோ போட்டுவிட்டார். அவர் காலமான பிறகு, மகன் உஸ்மான் அலி கான் அதைத் தகப்பனாரின் பழைய செருப்பின் மூக்கில் கண்டெடுத்தாராம். 184.75 காரட்! மகன் அதைக் காகிதம் பறக்காமல் வைக்கிற கனமாக மேஜையில் வைத்துக்கொண்டார் என்பார்கள்.

தகப்பன் இப்படி, மகன் அப்படி. ஊருக்கு ஒப்பிட்டுப் பேசுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

உஸ்மான் அலி கான் பட்டத்துக்கு வந்தது 1911 ஆகஸ்டில். மூன்றரை மாதத்துக்குள், டிசம்பர் 12ஆம் தேதி, டில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தர்பார். இந்திய ராஜாக்கள் ஒவ்வொருவராகப் போய் மூன்று முறை குனிந்து வணங்கி, முதுகைக் காட்டாமல் பின்னடி வைத்துத் திரும்பவேண்டும் என்று ஏற்பாடு. 21 பீரங்கி மரியாதை பெற்ற முதல் ராஜா என்பதால் நிஜாம் முதலில் போனார். முறைப்படி வணங்கித் திரும்பினார். அடுத்து வந்தவர் பரோடா மகாராஜா மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். அவர் பேரில்தான் பெரிய ரகளை எழுந்தது. சபைக்குரிய நகைகளைக் களைந்துவிட்டு எளிய வெள்ளை உடையில் வந்தார், கையில் தடியைச் சுழற்றினார், ஒரே ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு முதுகைக் காட்டி நடந்தார் என்று குற்றச்சாட்டு. ஆங்கிலேயப் பத்திரிகைகள் குதித்தன. அப்போதுதான் பயாஸ்கோப் வந்திருந்த காலம். தர்பாரைப் படம் பிடித்து லண்டன் கொட்டகைகளில் காட்டியபோது, சனங்கள் கெய்க்வாடின் நடையை அங்கேயே உட்கார்ந்து பார்த்தார்கள். அரசனின் உடையையும் நடையையும் ஆயிரம் மைலுக்கு அப்பால் டிக்கெட் வாங்கிப் பார்த்து நியாயம் பேசும் வழக்கம் அதற்கு முன் ஏது? சயாஜிராவ் வைஸ்ராய் ஹார்டிஞ்சுக்கு விளக்கம் சொல்லி வருத்தக் கடிதம் எழுதவேண்டியதாயிற்று. அதையும் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள்.

இதைப் பக்கத்திலிருந்து பார்த்த 25 வயது இளைஞர் உஸ்மான் அலி கான். சபை உடை என்றால் என்ன, அதில் ஒரு நூல் பிசகினால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவருடைய தர்பார்ப் படங்களை எடுத்துப் பாருங்கள். தஸ்தார், பதக்கங்கள், வாள் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். 1937இல் வெள்ளி விழா நடந்தபோது, அதே வருஷம் பிப்ரவரி 22ஆம் தேதி அமெரிக்காவின் டைம் பத்திரிகை உலகின் பெரிய பணக்காரர் என்று அட்டையில் அவர் படத்தைப் போட்டது. கிழிந்த பைஜாமாவோடு அல்ல.

அப்படியானால் பழைய தொப்பி? அது கிங் கோட்டி வீட்டுக்குள் இருக்கிற மனிதரின் தொப்பி. சிவப்புத் துருக்கித் தொப்பி, ரூமி டோபி என்பார்கள். வீட்டில் பருத்திப் பைஜாமா, சாதாரண ஷெர்வானி, சப்பல். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களும் அதிகாரிகளும் பேட்டிக்கு வரும்போது இதோடுதான் பார்ப்பார்கள். உலகப் பணக்காரர் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம், ஏமாற்றத்தை எழுதினார்கள். எழுதினதை நாம் படித்தோம். சிக்கனம் அவருக்கு உண்டு, அது மறுக்க முடியாது. நஜர் வாங்குவதில் அவருக்கிருந்த ஆசையைப் பற்றி அவருடைய சொந்தப் பிரபுக்களே முணுமுணுத்தார்கள். ஆனால் நஜர் ஆசை வேறு, உடை எளிமை வேறு. இரண்டையும் ஒரே தராசில் போட்டுக் கஞ்சத்தனம் என்று ஒரே சீட்டு ஒட்டிவிட்டது ஊர்.

எளிய உடையைப் பற்றி ஊர் எப்போதும் இப்படித்தான் சொல்லும் என்றும் இல்லை. 1931 நவம்பர் 5ஆம் தேதி காந்தியடிகள் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அரையாடையும் சால்வையும் செருப்புமாகப் போனார். அரண்மனை விருந்துக்கு உடை விதி கடுமை. அவருக்காக விதி வளைந்தது. சர்ச்சில் போன்றவர்கள் அவர் உடையை ஏளனம் பண்ணினார்கள். கோடிக்கணக்கான நம் மக்கள் அதையே துறவு என்று கும்பிட்டார்கள். இதில் காந்தியடிகளுக்கும் நிஜாமுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காந்தியடிகள் ஏன் அப்படி உடுத்துகிறார் என்பதை 1921இல் நம்ம மதுரையிலேயே அந்த உடைக்கு மாறி ஊரறியச் சொன்னார். நிஜாம் ஒரு நாளும் காரணம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தை ஊர் தன் வாயால் நிரப்பிக்கொண்டது.

அதே மாதம் இன்னொரு சங்கதி நடந்தது. நவம்பர் 12ஆம் தேதி பிரான்சின் நீஸ் நகரத்தில் நிஜாமின் இரண்டு புதல்வர்களுக்கும் கல்யாணம். மூத்தவர் ஆசம் ஜாஹுக்குக் கடைசிக் கலீஃபாவின் மகள் துர்ருஷெவார். இளையவர் முஅஸ்ஸம் ஜாஹுக்குத் துருக்கி ராஜ வம்சத்தைச் சேர்ந்த நிலோஃபர். துருக்கி ரத்தம், பிரெஞ்சுப் படிப்பு; இருவரும் இங்கே வந்து கட்டியது சேலை! பர்தா இல்லாமல் சபைகளுக்கு வந்தார்கள். ஊர்ப் பெண்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். நிலோஃபரின் சேலைகள் மெல்லிய வலைத்துணியில் ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்தவை. அவற்றில் சில இன்று நியூயார்க்கில் ஒரு உடை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாமனார் தொப்பியைப் பார்த்துச் சிரித்த அதே ஊர், மருமகள் சேலையைப் பார்த்து மூச்சுவிட மறந்தது. மருமகள்களின் துணிமணிக்கு அந்த "கஞ்ச" மாமனாரின் கஜானாதானே பின்னால் நின்றது? இதை யாரும் கதையில் சேர்ப்பதில்லை.

1947இல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். நிஜாம் லண்டன் கார்ட்டியே கடைக்கு உத்தரவு கொடுத்தார், இளவரசி தனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவர் வைர அட்டிகையும், பூ வேலைப்பாடுள்ள தலைமுடி நகையும் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் தலைநகை பிரிக்கப்பட்டது. அட்டிகை அப்படியே இருக்கிறது. 2014 பிப்ரவரியில் கேட் மிடில்டன் அதை அணிந்து லண்டனில் ஒரு விருந்துக்கு வந்தபோது, உலகப் பத்திரிகைகள் எல்லாம் "ஹைதராபாத் நிஜாம் அட்டிகை" என்று எழுதின. 2023 மே மாதம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன்னால் இன்னொரு பேச்சு. ராணி கமிலா கோஹினூர் பதித்த கிரீடத்தை அணிவாரா மாட்டாரா என்று. நம்ம கிருஷ்ணை நதிக்கரை கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்தது என்று பலரும் சொல்லுகிற கல் அது. இந்தியாவில் எதிர்ப்பு எழும் என்ற பேச்சு பலமாக இருந்த நிலையில், அதில்லாத மேரி ராணியின் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1911இல் லண்டன்காரன் நம் ராஜாவின் நகையில்லாமையை எண்ணினான்; 2023இல் நாம் அவர்கள் ராணியின் தலையில் என்ன இருக்கிறது என்று எண்ணினோம். பார்வை திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

உஸ்மான் அலி கானின் உடையை ஊர் கடைசியாகக் கூர்ந்து பார்த்தது 1949 பிப்ரவரியில் என்று சொல்லலாம். முந்திய செப்டம்பரில் போலீஸ் நடவடிக்கை முடிந்து ராஜ்யம் போய்விட்டது. சர்தார் படேல் பேகம்பேட்டை விமான நிலையத்தில் இறங்குகிறார். நிஜாம் நேரில் வந்து கைகூப்பி நிற்கிறார். அந்தப் படம் எல்லோரும் பார்த்ததுதான். தஸ்தார் இல்லை, நகை இல்லை, வாள் இல்லை. ஷெர்வானியும் தொப்பியும். எதிரே படேல் வேட்டியும் சால்வையுமாக. சபை உடை என்கிற சட்டத்தை யாருக்காக வைத்திருந்தாரோ அந்தச் சபையே இல்லாமல் போனபிறகு, வீட்டு உடையோடு வெளியே வந்து நின்றுவிட்டார் என்று நான் அந்தப் படத்தைப் புரிந்துகொள்கிறேன். வேறு மாதிரி புரிந்துகொள்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1950 முதல் 1956 வரை ராஜ்பிரமுகராக இருந்தார். 1967 பிப்ரவரி 24ஆம் தேதி காலமானார். ஜனாஸா ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கில் சனம் திரண்டது. கிங் கோட்டிக்கு எதிரே ஜூதி மசூதியில், தாயார் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம்.

நகைகளை 1995இல் மத்திய அரசு 218 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. ஜேக்கப் வைரம் உட்பட 173 உருப்படி. ரிசர்வ் வங்கிக் காப்பறையில் வைத்து, 2001இலும் 2006இலும் நம்ம சாலார்ஜங் மியூசியத்தில் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. ஆனால் துணிகளைப் பார்க்கக் காப்பறைச் சாவி தேவையில்லை. பத்தர்கட்டி தாண்டி புராணி ஹவேலிக்குள் போனால் நிஜாம் மியூசியம். வெள்ளி விழாப் பரிசுகளும் மஹ்பூப் அலி கானின் அந்த அலமாரித் தெருவும் அங்கேதான். சென்னையிலிருந்து உறவுக்காரர் வந்தால் சார்மினாரையும் கோல்கொண்டாவையும் காட்டிவிட்டு நேரே பிரியாணிக்குக் கூட்டிப்போகிற நம்மவர்கள், ஒரு மணி நேரம் இங்கேயும் ஒதுக்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.